இருபத்துமூன்றாம் எண் பல்

கெலிஓயா
2026 பெப்ரவரி 1

அண்ணிக்கு,

என் நம்பரை நீங்கள் போனில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். ரத்தினம்மா அக்காவின் போனுக்கு எடுத்தால், "பக்கத்துலதான் நிக்குது, பேச மாட்டேங்குதே, நான் என்ன செய்ய" என்கிறார். சரி, தபால்காரரை உங்களால் அடைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

அன்றைக்கு நான் பேசியது தப்பு. முப்பத்தோராம் நாள், மண்ணுக்குள் போனவர்களின் வீட்டுக்காரர் எல்லோரும் கூடிக் காரியம் செய்துகொண்டிருக்கும்போது, அத்தனை பேருக்கு முன்னால் மரணப் பதிவுப் படிவத்தை உங்களிடம் நீட்டியிருக்கக் கூடாது. "பைத்தியம் மாதிரி நடந்துக்காதீங்க அண்ணி" என்று சொல்லியிருக்கவே கூடாது. நீங்கள் படிவத்தைக் கிழித்ததுகூட நியாயம்தான். ஆனால் "அண்ணன் செத்துட்டான்னு எழுதி வாங்க உனக்கு என்னடி அவ்வளவு அவசரம்" என்று கேட்டீர்களே, அது மட்டும் நியாயமில்லை. நிரஞ்சன் உங்களுக்குப் புருஷன் என்றால் எனக்குக் கூடப்பிறந்தவர். எனக்கிருந்தது ஒரே ஒரு அண்ணன்.

மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று மழையில் லயத்து வீட்டுக்குத் திரும்பி ஏறினவர். இரண்டு மாதம் தாண்டிவிட்டது அண்ணி. மலையே சரிந்து லயம் இருந்த இடம் தெரியாமல் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து நடந்தா வரப்போகிறார்?

புதுப் படிவம் இத்துடன் இருக்கிறது. கிராம சேவகர் எல்லாவற்றையும் நிரப்பித் தந்துவிட்டார். வயது முப்பத்தொன்பது, கடைசியாக அணிந்திருந்தது நீலச் சுவெட்டரும் சாரமும் என்று நீங்கள் பொலிசில் சொன்ன விவரத்தையே எழுதியிருக்கிறார். உங்கள் கையெழுத்து மட்டும்தான் குறை. அது இல்லாமல் புது வீட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் ஏறாது. ரத்தினம்மா அக்காவின் ஒற்றை அறைக் காம்பராவில் எத்தனை நாளைக்கு ஒண்டிக்கொண்டிருப்பீர்கள்?

எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பல் அடைக்கிற மருந்து பல்லில் எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்று பார்க்கிற வேலை என்று உங்களுக்குத் தெரியும்தானே. புது மருந்து ஒன்று வந்திருக்கிறது. நாள் முழுக்கப் பிடுங்கிய பற்களோடுதான் குடித்தனம்.

ஒரு வரி பதில் போடுங்கள்.

சுதர்சினி

*

பன்வில
பெப்ரவரி 8

சுதர்சினிக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மிச்சத்தை நிம்மதியாக வாசி. படிவத்தை இந்தத் தடவை கிழிக்கவில்லை. தீப்பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் வந்தார்.

இதைப் படித்ததும் "ஐயோ அண்ணிக்கு முத்திப்போச்சு" என்று நீ சொல்வாய். சொல்லு. ராத்திரியில் வந்தார், கனவில் வந்தார் என்று நான் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மேல் லயத்துப் பீலியில் விழுகிற தண்ணீரில் கால் கழுவப் போனேன். நல்ல வெயில். பீலிக்கு அந்தப் பக்கம் நின்றார். போனபோது போட்டிருந்த அதே உடுப்பு, சேறெல்லாம் காய்ந்து போயிருந்தது. இடது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"கூசுது லட்சுமி" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "ஐயோ, இப்ப சுடுது" என்றார். பிறகு மறுபடியும் கூசுது. மறுபடியும் சுடுது. பால்பல் விழுகிற பிள்ளை சிணுங்குமே, அப்படி. கன்னத்தைத் தடவிவிடலாம் என்று ஈரக் கையோடு போனேன். பீலியும் பாசியும்தான் இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதே பேச்சுத்தான். நேற்று சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிந்தும் நான் போகாமல் நின்று பார்த்தேன், அவர் வரவில்லை. ரத்தினம்மா கோயிலில் நூல் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். என் புருஷனை விரட்ட எனக்கு நூல் கட்ட வேண்டுமா என்று ஏசிவிட்டேன்.

நீ பல்லுப் படிப்புப் படித்தவள்தானே. செத்துப்போன மனுசனுக்கு எதுக்குடி பல் கூசுது? அதற்குப் பதில் சொல்லு, பிறகு கையெழுத்துக் கேட்கலாம்.

கஜலட்சுமி

*

கெலிஓயா
பெப்ரவரி 12

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த, கூட வேலை செய்கிற ஸுமைரா, "என்ன, யாருக்கும் ஏதாச்சுமா" என்று கேட்டாள். என்னவென்று சொல்வது?

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். மறைத்தேன் என்பதைவிட, நினைவுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன் என்பது சரி.

போன ஆகஸ்டில் தோட்டத்து டிஸ்பென்சரியில் பல் கிளினிக் நடந்ததே, அன்று நானும் ஒரு போத்தலோடு வந்திருந்தேன். பிடுங்கிய பல்லை, விருப்பமானவர்கள் ஆய்வுக்குத் தரலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சாய்ந்து முளைத்துக் கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கியதும் பஞ்சைக் கடித்தபடி என்னிடம் வந்து, தன் கையாலேயே போத்தலுக்குள் போட்டார். "இந்தா தங்கச்சி, உன் சீதனம். இதுக்கு மேல அண்ணங்கிட்ட கேக்காத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான் சிரித்தீர்கள்.

அந்தப் போத்தலில் நாற்பது பல். யார் பல் எது என்று எழுதுவதில்லை. எழுதவும் கூடாது.

இப்போது கேளுங்கள். பல்லில் மருந்தை ஒட்டியதும் உடனே உடைத்துப் பார்த்தால் போதாது. வாய்க்குள் கிடந்து பழசானால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். ஒன்றில் ஐந்து பாகை, ஐஸ் மாதிரிக் குளிர். மற்றதில் ஐம்பத்தைந்து பாகை, கை வைக்க முடியாத சூடு. பற்கள் உள்ள கூடையை மெஷின் தானாகவே அதில் அரை நிமிடம், இதில் அரை நிமிடம் என்று முக்கி எடுக்கும். ஐயாயிரம் தடவை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்தான் பட்டனை அழுத்தினேன். வெள்ளிக்கிழமை இரவு தானாக நின்றிருக்கிறது.

இதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணனுக்கும் தெரியாது. அப்படியிருக்க நீங்கள் கூசுது, சுடுது என்று நாள் தவறாமல் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. அடுத்த சுற்று இருபத்துமூன்றாம் திகதி தொடங்குகிறது. அண்ணனின் பல்லை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? உங்களுக்கு ஏதாவது நினைவிருக்கிறதா?

சுதா

*

பன்வில
பெப்ரவரி 16

அடி பாவி,

கூடப்பிறந்தவனைக் கூடையில் வைத்து அவித்திருக்கிறாயே. உனக்கு வேறு பல்லே கிடைக்கவில்லையா? கண்டியில் பல் வலிக்காரனுக்கா பஞ்சம்? மலை ஏறி வந்து என் வீட்டுக்காரர் பல்லைத்தான் கொண்டுபோக வேண்டுமா? எங்களுக்கு உடம்பு கிடைக்கவில்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவருடைய ஒரு துண்டை மேசையில் போத்தலுக்குள் வைத்துக்கொண்டு, நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். ச்சீ.

அடுத்த நாள்.

இதற்கு மேல் இருப்பதை நேற்று எழுதினேன். கிழிக்கலாம் என்று பார்த்தேன், மனசில்லை. நீ அதை வாசிக்கத்தான் வேண்டும்.

அடையாளம் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றது நான்தானே. டொக்டர் வெகுநேரம் இழுத்தார். கடைசியில் பல்லை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, வேர் இப்படி இருந்தால் எப்படி வரும் என்றார். தூண்டில் முள் மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. "என்னைய மாதிரியே வந்தா போகாது டொக்டர்" என்று ரத்தவாயோடு சிரித்தார் உன் அண்ணன்.

அந்தப் பல்லை எனக்குக் கொடு. கையெழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலிக்குதுன்னு சொல்ற மனுசனை யாராவது அப்படியே விடுவார்களா? மிச்சத்தை நீ எதை வேண்டுமானாலும் உடைத்துக்கொள்.

கஜலட்சுமி

*

கெலிஓயா
பெப்ரவரி 21

அண்ணி,

ஏசினது போதாது, இன்னும் ஏசுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

வேர் வளைந்த பல் என்றதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆனால் வேர் எதுவும் வெளியே தெரியாது. பல்லை மெஷினில் பிடிக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொன்றையும் வேரோடு பிளாஸ்டிக் கலவையில் நட்டு இறுக வைத்துவிடுவோம். சவர்க்காரக் கட்டியில் பாதி அளவு இருக்கும். ரோஸ் நிறக் கட்டி. அதிலிருந்து பல்லின் தலை மட்டும் வெளியே தெரியும். அந்தத் தலையையும் மருந்து ஒட்டுவதற்காகச் சமமாக அரைத்தாயிற்று. நாற்பதும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து "அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

பத்துக் கட்டிகளை ஜனவரியிலேயே உடைத்துவிட்டேன். சூடு குளிர் காட்டாமல் உடைக்க வேண்டியவை அவை. மிச்சம் முப்பதும் கூடையில் இருக்கின்றன. உங்களிடம் கூசுது என்று சொன்னது அண்ணன்தான் என்றால், அவர் கூடையில்தான் இருக்க வேண்டும். பாருங்கள், விஞ்ஞானம் படித்தவள் இப்போது பீலிக்கரைச் சாட்சியை வைத்துக் கணக்குப் பார்க்கிறேன்.

உடைப்பது மார்ச் இரண்டாம் திகதி. எப்படி என்று சொன்னால் மனம் நோகும், ஆனாலும் இனி உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். மருந்து ஒட்டிய ஓரத்தில் மெல்லிய உளி ஒன்று மெதுவாக இறங்கி அழுத்தும். திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போகும். டக் என்று ஒரு சத்தம். கோடு கீழே விழுந்துவிடும். பிறகு எது விட்டது என்று பூதக்கண்ணாடியில் பார்ப்போம். ஒட்டு விடாமல் பல் உடைந்திருந்தால், மருந்து நல்ல மருந்து என்று எழுதுவோம். நான் எத்தனையோ தடவை சந்தோஷமாக அப்படி எழுதியிருக்கிறேன்.

ஆய்வை நடத்துகிற எங்கள் டொக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். யாராவது தன் பல்லைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? அவர், "இதுக்கெல்லாம் சொந்தக்காரர் கிடையாது சுதர்சினி, அதனாலதான் நாங்க உடைக்கிறோம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

கூடையை நிறுத்தவும் என்னால் முடியாது. ஒரு வாரம் பொறுங்கள், ஏதாவது வழி பார்க்கிறேன்.

சுதா

*

பன்வில
பெப்ரவரி 25

சுதா,

ரத்தினம்மா நாளைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். தபாலை நம்பாமல் இதை அவளிடம் கொடுத்து, கெலிஓயா வரைக்கும் போய் உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் வருகிறார். இப்போது கூசுது, சுடுது என்று வாயால் சொல்வதில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறார். பேசாமல் பார்ப்பது அதைவிடக் கொடுமையாக இருக்கிறது.

அந்தக் கட்டி ஏன் ரோஸ் நிறத்தில் இருக்கிறது? உங்களுக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா? அந்த வரியை வாசித்ததிலிருந்து கொழுந்து கிள்ள முடியவில்லை. ஏன் என்று கேட்காதே. எப்படியாவது அவரை அதற்குள்ளிருந்து வெளியே எடு.

உடைத்துவிடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

லட்சுமி

*

கெலிஓயா
பெப்ரவரி 28

அண்ணி,

அண்ணன் கிடைத்துவிட்டார்.

உடம்பு கிடைத்த வீட்டுக்காரர்கள் டிசம்பரில் இதே மாதிரித்தான் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டார்கள்.

நேற்றுக் காலை கூடையை எடுத்ததும் ஸுமைராவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறவள். முழுவதையும் கேட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள். "கொண்டு வாங்க, ஒண்ணொண்ணா வைங்க" என்றாள். முப்பது கட்டிகளையும் படம் எடுத்தோம். கட்டிக்குள் ஒளிந்திருந்த வேரெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நேர் வேர், பிரிந்த வேர், குட்டை வேர். இருபத்துமூன்றாம் எண்ணில் தூண்டில் முள்.

கட்டியை மெல்லிய வாளால் அறுத்து, பல்லைச் சுற்றிச் சுரண்டி எடுக்க ஒரு பகல் முழுக்கப் போனது. தலையில் ஒட்டிய மருந்தையும் எடுத்துவிட்டு, பிறந்தபடியே உங்களிடம் தர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் அது வரமாட்டேன் என்கிறது. பத்தாயிரம் தடவை சூடும் குளிரும் பட்டும் ஒட்டு விடவில்லை. நெம்பினால் பல்தான் போகும். அதனால் அப்படியே அனுப்புகிறேன், வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸுமைரா நாளை மடவளையில் இருக்கும் அவளுடைய சாச்சி வீட்டுக்குப் போகிறாள். அங்கிருந்து பன்விலவுக்கு வந்து உங்கள் கையில் தருவாள். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். திங்கட்கிழமை டொக்டரிடம் நானே உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். வேலை இருக்குமோ போகுமோ தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கட்டுமா? பீலிக்கரையில் உங்களிடம் வந்தாரே, எனக்கு ஏன் ஒருநாளும் வரவில்லை? இரண்டு அடி தூரத்தில் என் மேசையில்தானே இருந்தார். நான் பட்டனை அழுத்தியதால் கோபமா? உங்கள் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது அண்ணி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சுதா

*

பன்வில
மார்ச் 12

சுதாவுக்கு,

அந்தப் பிள்ளை ஸுமைரா வந்தது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், நோன்பு என்றது. அதையும் பிடித்துக்கொண்டு இந்த ஏற்றம் ஏறி வந்திருக்கிறது. பொட்டலத்தை இரண்டு கையாலும் தந்தது. நான் பிரிக்கிற நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நல்ல வளர்ப்பு.

அவர்தான். வேரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, அன்றைக்கு விடியும்வரை அழுதேன். அப்படி அழுது எத்தனை நாளாயிற்று. உனக்குப் புண்ணியம்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைப் பைத்தியம் என்றுதான் சொல்வாய். சொன்னால் இந்தத் தடவை கோபிக்க மாட்டேன்.

பல் வந்த நாளிலிருந்து அவர் வரவில்லை.

பன்னிரண்டு நாள் ஆகிறது. பகலிலும் போய் நிற்கிறேன், வேலை விட்டும் போய் நிற்கிறேன். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள். வலி நின்றுவிட்டது, அதனால் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? வலிக்கட்டும், வந்தால் போதும் என்று நினைக்கிறேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தபோது அதைப் பார்க்கப் போய் நின்றவள்தானே நான். எனக்கு அவர் வலி இல்லாமல் இருப்பதைவிட என் முன்னால் இருப்பதுதான் வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு பொம்பளை உண்டா?

பல்லை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். திரும்ப அந்தத் தண்ணீரில் போடு. உடைக்க வேண்டாம், கொஞ்ச நேரம் போட்டால் போதும். ஒரே ஒரு நாள். நான் அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது. கேட்டுவிட்டால் பிறகு விட்டுவிடுவேன்.

லட்சுமி

*

கெலிஓயா
மார்ச் 20

அண்ணி,

பதிவுத் தபால் வந்தது. அலுமாரியில் துணிக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது.

டொக்டரிடம் சொன்னதை எழுதவில்லையே. கூடையில் மிச்சமிருந்ததை எண்ணிப் பார்த்தார். பிறகு, "முதலே எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே மகள்" என்றார். நான் பொதுவாகக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அவருக்கு ஞாபகப்படுத்த மனம் வரவில்லை. வேலை போகவில்லை. ஆனால் மெஷினைத் தொடக் கூடாது. ஆய்வை முதலிலிருந்து செய்யப்போகிறார்கள், வேறு பற்களோடு. நான் இப்போது கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். எனக்கு அதில் குறையில்லை.

நீங்கள் கேட்டதைச் செய்யப் பார்த்தேன். போன புதன்கிழமை தொட்டியருகில் ஒருவரும் இல்லாத நேரம், பல்லைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். குளிர்த் தொட்டிக்குள் விரலை விட்டேன். அதே விரலைச் சூட்டுத் தொட்டியில் விட்டேன். என்னால் முடியவில்லை அண்ணி. அவர் வர வேண்டும் என்பதற்காக நான் அவரை வதைக்க மாட்டேன். நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் மாட்டேன்.

ஆனால் அன்று பின்னேரம் ஒன்று நடந்தது. வேலை விட்டு பஸ் ஹோல்டில் நின்றேன். கம்பளை பஸ் போனதும் எதிர்ப் பக்கத்தில் அண்ணன் நின்றார். அந்த நீலச் சுவெட்டர்தான், சேறு ஒன்றும் இல்லை. கன்னத்தில் கை வைத்திருக்கவில்லை. சிரித்த முகம். ரோட்டைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்று, "அண்ணிகிட்ட சொல்லு, வலி நின்னுருச்சு. இனி பீலிக்கரையில வந்து காத்துக்கிட்டு நிக்க வேணாம்னு சொல்லு. அது மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல" என்றார். திரும்பிப் பார்த்தேன், ஆளில்லை.

உங்களிடம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் மூன்றாம் திகதி பெரிய வெள்ளி, எனக்கு லீவு. பல்லோடு வருகிறேன். அதை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்களோ அங்கே இரண்டு பேரும் சேர்ந்து வைப்போம். கையெழுத்துப் பேச்சை எடுக்க மாட்டேன்.

சுதா

*

பன்வில
மார்ச் 26

சுதா,

உன் கடிதத்தை ரத்தினம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. நீ பொய் சொல்லியிருக்கிறாய்.

பயப்படாதே, கோபமில்லை. எனக்காகத்தான் சொன்னாய். நாலு மாதத்தில் எனக்காக யாரும் இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொல்லவில்லை. அதனால்தான் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அந்த நீலச் சுவெட்டர் என்னிடம் இருக்கிறது. என் தலைமாட்டில் மடித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு மூட்டையோடு நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கியபோது அது தெப்பமாக நனைந்துவிட்டது. மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் திரும்பியபோது குளிரில் பல் கிட்டியது. அதை வாங்கிக்கொண்டு, நான் போட்டிருந்ததைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன். என்னுடைய ரோஸ் சுவெட்டர், நெஞ்சில் பூப்போட்டது. "எவனாச்சும் பாத்தா சிரிப்பான் லட்சுமி" என்றார். "இந்த மழையில யாரு பாக்கப் போறா, போய்ட்டு வாங்க" என்றேன்.

பொலிஸ்காரர் உடுப்பைக் கேட்டபோது சுற்றிலும் தோட்டமே நின்றது. பொம்பளைச் சுவெட்டர் என்று சொன்னால் அவரைச் சிரிப்பார்களே என்று நீலம் என்றேன். உயிரோடு வருவார், வந்த பிறகு கேலி செய்வார்களே என்றுதான் யோசித்தேன்.

பத்தாம் நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் அதிகாரி ஒருவர் ஒரு பட்டியல் வாசித்தார். கீழே ஆற்றோரத்தில் எடுத்த, முகம் தெரியாத உடம்புகள். நீ அன்றைக்கு இல்லை. "ஆண். வயது நாற்பது மட்டில். பூப்போட்ட ரோஸ் சுவெட்டர்" என்று வாசித்தார். யாரும் எழும்பாததால் இரண்டாம் தடவையும் வாசித்தார். பின்னாலிருந்து எவனோ ஒருத்தன் சிரித்தான். எனக்குக் கேட்டது சுதா. நன்றாகக் கேட்டது. நான் எழும்பினால் அவர் செத்துப்போய்விடுவார் என்று உட்கார்ந்தே இருந்தேன். வாசித்தவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

நம்பர் போட்டு எங்கேயோ புதைத்திருப்பார்கள். அந்தப் படிவத்தில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அதில் நீலம் என்று எழுதியிருக்கிறதே. அவர் பீலிக்கரையில் நின்றதும் அந்த ரோஸ் சுவெட்டரோடுதான். உன்னிடம் வந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வா. பல்லையும் எடுத்துக்கொண்டு வா, அவர்தான் என்று காட்ட நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். மண்ணில் வைப்பதையெல்லாம் பிறகு பார்ப்போம். முதலில் பொலிசுக்குப் போக வேண்டும். நீ என் பக்கத்திலேயே நின்றுகொள். நீலம் இல்லை, ரோஸ் என்று நான் சொல்ல வேண்டும்.

உன் அண்ணி
கஜலட்சுமி